அக்கா தொடாத பச்சை வட்டம்

நடந்தவை இவை:

1. புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், துணி மடிக்கும் அறையில், என் அக்காவுக்கு வேலை கிடைத்தது.
2. வேலையைக் கற்றுக்கொடுக்க அவளோடு ஒரு பயிற்சியாளர் வந்தார்.
3. அக்காவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று நான் ஒரு செயலி எழுதி அவள் போனில் போட்டேன்.
4. செயலி இருக்கிறதே என்று பயிற்சியாளரை நிறுத்தினார்கள்.
5. செயலி குறித்துவைத்த நேரங்களைப் பார்த்து அக்காவை நிறுத்தினார்கள்.
6. அதே செயலிக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வரிசையில் பிழை இல்லை. மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எதற்குப் பின் எது நடந்தால் ஒரு பொருள் உடைகிறது என்று கண்டுபிடித்து எழுதிக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். இந்த வரிசையை மட்டும் எல்லாம் முடிந்த பிறகுதான் எழுதினேன்.

அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது. என்னைவிட ஆறு வயது பெரியவள். அறிவுசார் மாற்றுத்திறன் என்று அவள் அடையாள அட்டையில் எழுதி, பக்கத்தில் ஒரு சதவீதமும் போட்டிருக்கிறார்கள். ரயில் டிக்கெட் சலுகைக்குத் தவிர அந்த எண் எங்களுக்கு வேறெதற்கும் பயன்பட்டதில்லை. தன் பெயரைப் படிப்பாள். கடிகாரம் பார்க்கத் தெரியாது, ஆனால் எட்டு மணியானால் அவளுக்குத் தெரிந்துவிடும். வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று அவளைத்தான் கேட்போம். பதினான்கு வருடம் சிறப்புப் பள்ளிக்குப் போனாள். அதற்குப் பிறகு என்ன என்று பள்ளியிலும் யாருக்கும் தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் பல வருடம் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

அப்பா இறந்த பிறகு அம்மாவுக்கு ஒரே பேச்சு. "உனக்குக் கல்யாணம் ஆயிடும். எனக்கு வயசாயிடும். இவளுக்குன்னு காலையில போக ஒரு இடம் வேணும்டி. அவ்வளவுதான் நான் கேக்கறது." அவள் கேட்டது உண்மையிலேயே அவ்வளவுதான்.

அறக்கட்டளை ஒன்று அந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தது. அக்காவைப் போன்றவர்களைத் தனியாக ஒரு கூடத்தில் உட்காரவைத்து மெழுகுவத்தி செய்யச் சொல்லாமல், மற்றவர்கள் வேலை பார்க்கும் இடத்திலேயே சேர்த்துவிடுவது அவர்கள் முறை. பயிற்சியாளர் ஒருவர் கூடவே போவார். முதலில் நாள் முழுக்க, அப்புறம் பாதி நாள், அப்புறம் வாரம் ஒருமுறை. "அவசரமே படமாட்டோம்மா. கூப்பிட்டா எப்ப வேணா வருவாங்க" என்று அறக்கட்டளையின் செயலாளர் அம்மாவிடம் சொன்னார்.

பயிற்சியாளர் துறையூர்ப் பெண். என்னைவிடச் சின்னவள். தினமும் காலையில் துறையூரிலிருந்து சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து ஸ்ரீரங்கம் வந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு மறுபடி சத்திரம் போய், புத்தூர் பஸ் ஏறுவாள். அக்கா அவளை மிஸ் என்றாள், நாங்களும் மிஸ் என்றோம். பஸ்ஸுக்கு மட்டும் மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். நான்காவது வாரம் அக்கா தனியாக ஏறினாள். மிஸ் பின் படிக்கட்டு வழியாக ஏறி மறைந்து நின்றுகொண்டாள்.

பெண்களுக்குக் காசு வேண்டாம் என்றாலும் சீட்டு கிழித்துத் தருவார்கள். அந்தச் சீட்டு கைக்கு வராமல் அக்கா உட்கார மாட்டாள். எங்கள் பக்கத்துக் கண்டக்டர் ஒருவருக்கு இது பிடித்துவிட்டது.

"என்ன மேடம், டூட்டிக்கா?"

"ஆமா. டூட்டி. டிக்கெட் குடுங்க."

"இன்னைக்கு டிக்கெட் தீந்துபோச்சே!"

"அப்ப நிக்கறேன்."

பஸ் முழுவதும் சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள். வைகுண்ட ஏகாதசிக்கு பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்ட அன்றைக்கு, கோயிலை நோக்கி வரும் அத்தனை கூட்டத்துக்கும் எதிராக நடந்து, பாலத்தருகில் பஸ் பிடித்து, பத்து நிமிடம் தாமதமாக வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள். இதையும் எங்காவது எழுதிவைக்க வேண்டும். பின்னால் அவளைப் பற்றி அச்சடித்து வந்த தாள்களில் இது இல்லை.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் அந்த அறை. துவைத்து உலர்ந்த படுக்கை விரிப்புகள் தள்ளுவண்டியில் சூடாக வரும். கறை, கிழிசல் பார்த்து ஒதுக்க வேண்டும். மடிக்க வேண்டும். பத்துப் பத்தாக அடுக்கிக் கட்ட வேண்டும். வார்டுக்கு ஒரு நிறம். அந்த நிற அலமாரியில் வைக்க வேண்டும். ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் நின்று பார்த்தேன். மிஸ் அக்காவின் இடப்பக்கம் நிற்பாள். ஒரு கட்டு முடிந்ததும் அக்கா அதைத் தூக்கிக் காட்டுவாள். மிஸ் நான்கு மூலையையும் பார்த்து "சரி" என்பாள். அக்கா அலமாரிக்குப் போவாள். நோட்டில் பதினொரு படிகளாக எழுதிக்கொண்டேன். பதினொன்றையும் படம் எடுத்துக்கொண்டேன். அந்தச் "சரி"யை எழுதவில்லை. வேலை செய்யும்போது மனிதர்கள் ஏதாவது பேசிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

செயலி மிக எளிமையானது. அக்காவின் கைகளே இருக்கும் பதினொரு படங்கள். கீழே ஒரு பச்சை வட்டம். செய்து முடித்ததும் வட்டத்தைத் தொட வேண்டும். "சூப்பர்க்கா! அடுத்தது" என்று என் குரல் வரும், அடுத்த படம் வரும். இதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தேன்: ஒவ்வொரு முறை வட்டத்தைத் தொடும்போதும் நேரம் பதிவாகும். என் தொழிலில் எதைச் செய்தாலும் நேரத்தைப் பதியவைப்போம், கை தானாகப் போய்விட்டது. திங்கட்கிழமைதோறும் அந்த நேரங்கள் ஒரு தாளாகத் திரண்டு மூன்று பேருக்கு மெயிலில் போகும்: எனக்கு, செயலாளருக்கு, மருத்துவமனை மேலாளருக்கு.

மேலாளருக்கு அது மிகவும் பிடித்தது. "இந்த மாதிரி மத்த ஸ்டாஃபுக்கும் இருந்தா நல்லாருக்கும்ங்க" என்றார். செயலாளர் ஒரு மாதம் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

"அருமையா இருக்கும்மா. பொண்ணு சூப்பரா பண்றா. இனிமே மிஸ் கூட நிக்கணும்னு இல்லையே? உங்க ஆப்தான் இருக்கே."

"ஆமா சார். ஆப் பாத்துக்கும்" என்றேன்.

மேலே உள்ள பட்டியலில் இந்தப் பதில் இல்லை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் வர வேண்டியது.

மிஸ் கடைசி நாளில் போனில் பேசினாள். "அக்கா, நான் இல்லாம ஒரு ரெண்டு நாளு நீங்க பக்கத்துல இருந்து பாருங்களேன். உள்ள போக வேணாம், வெளியிலேர்ந்து பாத்தாக்கூடப் போதும்."

"வாராவாரம் டைம் ரிப்போர்ட் வருது மிஸ். வீட்லேர்ந்தே எனக்குத் தெரிஞ்சிடும்."

"சரிங்கக்கா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமைத் தாளில் நேரங்கள் மாறியிருந்தன. ஆறு நிமிடத்தில் முடிந்த கட்டு இருபது நிமிடம் ஆனது, முப்பதும் ஆனது. நடுவில் சில நாட்கள் மட்டும் காலை முழுவதும் மறுபடி ஆறு. நான் காரணங்களை வரிசையாக எழுதினேன். சலிப்பு. யாராவது கேலி செய்கிறார்கள். போன் மெதுவாகிவிட்டது. கண் பார்வை. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். போனைத் துடைத்துச் சரிசெய்தேன். பச்சை வட்டத்தைப் பெரிதாக்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "முடிச்சிட்டியாக்கா?" என்று என் குரலே கேட்கும்படி வைத்தேன். அக்காவையும் கேட்டேன், கடைசியாக.

"வேலை எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு."

"ஏன் லேட்டாகுது?"

"மிஸ் வரல."

"மிஸ் இனிமே வரமாட்டாங்கக்கா. அதான் ஆப் இருக்குல்ல."

"ஆமா, இருக்கு" என்றாள். காரணத்தைச் சொல்லிவிட்டாள். மிஸ்ஸை நினைத்து ஏங்குகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். பட்டியலில் ஐந்தாவதாக எழுதினேன்: ஏக்கம்.

இரண்டு மாதம் கழித்து மேலாளர் அம்மாவையும் என்னையும் வரச் சொன்னார். அக்கா வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் என் திங்கட்கிழமைத் தாள்கள். சில வரிகளில் மஞ்சள் மை.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. நல்ல பொண்ணு. ஒரு வம்பு தும்பு இல்ல. ஆனா பாருங்க, ஒரு கட்டுக்கு அரை மணி நேரம்."

அம்மா, "வீட்ல மளமளன்னு மடிப்பாளே சார்" என்றாள்.

"வீடு வேறம்மா. இது நான் சொல்றது இல்ல. எங்க ரிப்போர்ட்டும் இல்ல. உங்க சின்னப் பொண்ணு அனுப்பற ரிப்போர்ட்தான் இது." என் பக்கம் திரும்பி, "கணக்கு சரிதானங்க?" என்று கேட்டார்.

சரியாகத்தான் இருந்தது. ஒரு நிமிடம்கூடப் பிசகு இல்லை. "சரிதான் சார்" என்றேன்.

வெளியே வந்ததும் அக்கா, "நாளைக்கு டூட்டி இருக்கா பாப்பா?" என்று கேட்டாள். அம்மா, "லீவுடி" என்றாள்.

சாப்பாட்டு டப்பாவும் ஒரு ஜோடி செருப்பும் அந்த அறையிலேயே இருந்துவிட்டன. அடுத்த வாரம் எடுக்கப் போனேன். அறையில் உறையூர்க்கார அம்மா ஒருவர் தனியாக மடித்துக்கொண்டிருந்தார். காலை ஷிப்டும் மதிய ஷிப்டும் மாறி மாறிப் பார்ப்பவர். நான் யார் என்று சொன்னேன்.

"அட, நீதான் தங்கச்சியா? உன் குரலத்தான் தெனமும் கேப்பமே!" என்று சிரித்தார். "போன் கேக்கும், 'முடிச்சிட்டியாக்கா'ன்னு. உங்கக்கா 'முடிச்சிட்டேன் பாப்பா'ன்னு பதில் சொல்லும். போன் சும்மா இருக்குமா? திரும்பக் கேக்கும். இதுவும் திரும்பச் சொல்லும். இங்க இருக்கறவளுங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாளுங்க."

"முடிச்சிட்டா பச்சை வட்டத்தைத் தொடணும்மா. தொடமாட்டாளா?"

"நடுவுல எல்லாம் தொடும். கட்டு முடிஞ்சதும் எங்க தொடுது! கட்டு கட்டி முடிச்சிடும். நாங்க நாலு மடிக்கறதுக்குள்ள அது அஞ்சு மடிக்கும். கையில தூக்கி வச்சிக்கிட்டு வாசலப் பாத்து நிக்கும். எதுக்குடி செலை மாதிரி நிக்கறேன்னு கேட்டா, 'மிஸ் பாக்கணும்'ங்கும். எனக்குப் பாவமா இருக்கும். நான் இருந்தா, 'சரி, போ'ம்பேன். உடனே அந்தப் பச்சையத் தொட்டுட்டு ஓடும். நான் இல்லாட்டி நிக்க வேண்டியதுதான். சூப்பர்வைசர் வந்து கத்தினா அப்புறம் போகும்."

"இதை யார்கிட்டயும் சொல்லலியாம்மா?"

"யாரு எங்ககிட்டக் கேட்டா?" என்றார். டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பதிவுகளைத் திறந்தேன். அந்த அம்மாவின் காலை ஷிப்டு நாட்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். ஆறு நிமிடம் வந்த காலைகளும் அவர் இருந்த காலைகளும் ஒன்றுவிடாமல் பொருந்தின. அக்காவை வட்டம் தொடச் சொல்லிச் செயலி காத்திருந்தது. யாராவது சரி என்று சொன்னால் வட்டத்தைத் தொடலாம் என்று அக்கா காத்திருந்தாள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்பது என் தொழிலில் முதல் வருடமே சொல்லித்தரும் கோளாறு.

இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதுதான் மோசம். அவள் பள்ளியில் ஒரு விதி உண்டு. வேலை முடிந்தால் கையைத் தூக்க வேண்டும், டீச்சர் வந்து பார்த்து டிக் போடுவார். தன் வேலைக்குத் தானே டிக் போடக் கூடாது. ஒருமுறை அக்கா தானே சிவப்புப் பென்சிலை எடுத்துப் போட்டுக்கொண்டதற்கு வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்கள். அவள் அழுதுகொண்டே வந்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பதினான்கு வருடம் அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தார்கள், அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் தட்டைக் கழுவினால் அம்மாவிடம் காட்டுவாள். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரி" என்பாள். கோலம், கொடித்துணி, விளக்குத் திரி, எல்லாவற்றுக்கும் ஒரு "சரி". மின்விசிறிச் சத்தம் போல அது எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது. அதனால் என் காதில் விழவில்லை.

மிஸ்ஸைக் கூப்பிட்டேன். அவள் கோபப்படவில்லை. "தெரியும்க்கா. அதத்தான் மாத்திட்டிருந்தேன். நாலு மூலையையும் தானே தொட்டுப் பாத்து, தானே சரின்னு சொல்லிக்கணும். முதல்ல நாலு மூலையையும் நான் பாப்பேன், அப்புறம் மூணு நான், ஒண்ணு அவங்க. ரெண்டு மூலை வரைக்கும் வந்துட்டாங்க. இன்னும் ஒரு மாசம் இருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"வந்து பாருங்கன்னு சொன்னேனேக்கா."

மேலாளரிடம் மறுபடி போனேன். தாள்களில் அந்த அம்மாவின் ஷிப்டுகளைக் குறித்து எடுத்துப் போயிருந்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப ஒரு ஆள் பக்கத்துல நின்னு சரி, சரின்னு சொல்லிட்டே இருக்கணும்?"

"ஒரு மாசம் சார். மிஸ் திரும்ப வந்தா அந்தப் பழக்கம் மாறிடும்."

"அந்த மிஸ் வேணாம், ஆப் பாத்துக்கும்னு நீங்களே சொன்னதா செயலாளர் சொன்னாரேங்க. இப்ப அந்த எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சு." எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். மரியாதையான மனிதர்.

செயலாளர் போனில் வேறு விஷயம் பேசினார். "ஆண்டு விழா வருதும்மா. உங்களைக் கௌரவிக்கணும்னு கமிட்டில முடிவு. அம்மா, அக்கா எல்லாரையும் கூட்டிட்டு வாங்க." அக்காவின் வேலை போய்விட்டது என்று சொன்னேன். "அதுக்கென்ன, அடுத்த பேட்ச்ல பாக்கலாம். ஒரு எடத்துல ஒத்துவரலன்னா ஆப் தப்புன்னு ஆயிடுமா?" என்றார்.

போனேன். மேடையில் பேசலாம், மிஸ்ஸைத் திரும்ப எடுக்கச் சொல்லலாம் என்று ஐந்து குறிப்புகள் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "நன்றி" என்றேன். அது ஒரு வார்த்தை. குறிப்புகள் பையிலேயே இருந்தன. எதிரே நூறு பேர், அவர்களில் பாதிக்கு மேல் என் அக்காவைப் போன்ற பிள்ளைகளின் அம்மாக்கள், எல்லோரும் என்னைப் பார்த்து அப்படிக் கைதட்டினார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரியும். எழுதியே வைத்திருந்தேன்.

இறங்கி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பொன்னாடையை என் தோளிலிருந்து எடுத்தாள். கறை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். மடித்தாள். மருத்துவமனை விரிப்பின் அதே அளவு, அதே மடிப்பு, நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று. எழுந்து நின்று, அதை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் காட்டினாள்.

நான் எதுவும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் நிற்பாள் என்று பார்த்தேன். கைக்கடிகாரத்தையும் பார்த்தேன். மேடையில் நன்றியுரை தொடங்கியது. பின்னாலிருந்து யாரோ, "உக்காரும்மா, மறைக்குது" என்றார்கள். அவள் உட்காரவில்லை. வட்டத்தைத் தொடுவதற்கு முன்னால் அவள் தினமும் எப்படி நின்றாள் என்று நான் பார்க்க வேண்டியிருந்தது. பார்ப்பதற்கு மறுபடியும் அவளையே நிற்கவைத்தேன். நன்றியுரை முடியப்போகும் நேரத்தில் அம்மா திரும்பிப் பார்த்து, "சரிடி, பையில வை" என்றாள். அக்கா பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஏழு நிமிடம்.

இப்போது நிலைமை இது. அக்கா வீட்டில் இருக்கிறாள். மிஸ் புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கிறாள். செயலியிலிருந்து நேரப் பதிவை நான் எடுத்துவிட்டேன். அறக்கட்டளை பழைய செயலியையே இன்னும் சில இடங்களில் கொடுத்திருக்கிறது, அங்கெல்லாம் பயிற்சியாளர் இல்லை. இது பற்றி அவர்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. மருத்துவமனையிலிருந்து, வேலை அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இரண்டு முறை பேசினார்கள். அது அக்காவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. லீவு எப்போது முடியும் என்று கேட்கிறாள். நாங்கள் இன்னும் சொல்லவில்லை.